டிசம்பர் 1 முதல் 25 வரை: நீலகிரி கிறிஸ்துமஸைப் பிள்ளைகளுக்குத் தினம் ஒன்றாக எப்படிச் சொல்வது?

கேட்டவர் குன்னூரில் வளர்ந்து இப்போது சென்னையில் இருப்பவர். டிசம்பர் 1 தொடங்கி 25 வரை தினமும் இரவு தன் இரண்டு பிள்ளைகளுக்கு 80, 90-களின் கிறிஸ்துமஸைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்ல ஆசைப்படுகிறார். 25 நாளுக்கு விஷயம் எங்கே கிடைக்கும், சர்ச் விஷயத்தோடு அந்தக் காலத்து ரேடியோ, கேசட், சினிமா எல்லாம் கலக்கலாமா என்பது கேள்வி. ஒவ்வொரு வருடமும் ஆரம்பித்து ஐந்தாறு நாளில் நின்றுபோகிறது என்றும், அவருடைய அப்பா பாடகர் குழுவில் பாடிய கேசட் ஒன்று பெட்டியில் கிடக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். தலைப்புப் பட்டியல் கேட்பதுபோல இருந்தாலும், ஏன் ஐந்தாறு நாளில் நின்றுபோகிறது என்பதுதான் இதில் உள்ள நிஜமான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் குன்னூர் பக்கம் பல வருடங்களாக ஞாயிறு பள்ளியும் பாடகர் குழுவும் நடத்துகிறவன். டிசம்பரில் தினமும் மாலை கேரல் பயிற்சி இருக்கும். பாட ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு பொருளை மேஜைமேல் வைத்து அதைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "அப்போதெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா" என்று ஆரம்பித்தால் மூன்று நாளில் சரக்கு தீர்ந்துவிடும். சந்தோஷம் எல்லா வருடமும் ஒரே மாதிரிதான், அதில் சொல்ல அதிகம் இல்லை. பொருள் அப்படியில்லை. ஒரு ஸ்டார், ஒரு வாழ்த்து அட்டை, ஒரு பழைய போட்டோ, ஒரு பாட்டு என்று எதை எடுத்தாலும் அது எப்படிச் செய்யப்பட்டது, யார் கையால் வந்தது, ஏன் அப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தினம் ஒரு பொருள், அது வேலை செய்த விதம், அதோடு உங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம். இவ்வளவு போதும்.

ஸ்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மடித்து விற்பது வேண்டாம், மூங்கில் குச்சி ஸ்டார். ஒரே நீளத்தில் 10 குச்சிகள் சீவ வேண்டும். ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரச் சட்டம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிவிட வேண்டும். பிறகு உள்ளே குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே அரைச் சாண் குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் நடுப்பகுதி இருபுறமும் புடைத்துக்கொண்டு வரும். பல்பு அதற்குள் போகும். மேலே தாள் ஒட்ட மைதா பசை. காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள், பூசணமும் பூச்சியும் வராமலிருக்க. அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. சாதாரண வண்ணத்தாள் நம் ஊர் மூடுபனியில் ஒரே ராத்திரியில் ஊறித் தொய்ந்துவிடும், அதனால்தான் கண்ணாடித் தாளைத் தேடிப் போனோம். 60 வாட் பல்பு போட்டால் தாள் கருகும். ஜீரோ வாட் என்று கடையில் சொல்லி வாங்குவோமே, உண்மையில் அது 15 வாட் அளவுக்கு இழுக்கும், அதுதான் சரியான சூடு. ஜெர்மனியில் மொரேவியன் சபையார் நடத்திய பள்ளியில் 1830-களில் கணக்குப் பாடத்துக்காகச் செய்த பல முனைத் தாள் நட்சத்திரம் பிறகு கிறிஸ்துமஸ் அலங்காரமாகப் பரவியது உண்மை. நம் ஊர் ஐந்து முனை ஸ்டார் அதிலிருந்துதான் வந்தது என்று யாராவது சொன்னால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பட்டம் கட்டத் தெரிந்த எந்தக் கைக்கும் தோன்றக்கூடிய அமைப்புதான் அது.

அடுத்து போட்டோ. இதில் நீலகிரிக்காரர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத பெருமை ஒன்று உண்டு. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் பொதுத்துறை நிறுவனமாக ஊட்டியில் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. "இந்து" என்பது அதன் பிலிமின் பெயர். ஆலை இருந்த இடமே இந்து நகர் ஆனது. நாடெங்கும் எக்ஸ்ரே எடுத்ததும், ஸ்டுடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவியதும் நம் மலையிலிருந்து போன பிலிமிலும் தாளிலும்தான் பெருமளவு நடந்தது. உங்கள் வீட்டுப் பழைய கிறிஸ்துமஸ் போட்டோவைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கக்கூடும். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் எல்லோரும் சர்ச் வாசலில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்போது வீடுகளில் பரவலாக இருந்தது ஆக்பா கிளிக் 3 கேமரா. ஒரு சுருளுக்கு 12 படம்தான். உள்ளேயே அமைந்த பிளாஷ் கிடையாது. நல்ல வெளிச்சம் வேண்டும், வெயில் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதனால் 24 இரவு குடில் முன்னால் நின்ற படம் அபூர்வம், 25 காலை ஆராதனை முடிந்து வெளியே வந்து நின்ற படம்தான் ஆல்பம் முழுக்க. புதுச் சட்டையில் பிள்ளைகள் முன்வரிசை, ஸ்வெட்டரும் மப்ளருமாகப் பெரியவர்கள் பின்வரிசை. ஒரே ஒரு படத்தை வைத்து மூன்று ராத்திரி ஓட்டலாம்.

சினிமாவும் ரேடியோவும் கலக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், நீங்கள் கலக்கவே வேண்டாம், நம் மலையில் அவை ஏற்கெனவே கலந்துதான் வந்தன என்பதுதான். கேத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1846-ல் பாசல் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் மிஷனரி அமைப்பு அங்கே வந்தது. படுகர் மக்கள் நடுவே பள்ளியும் சபையும் அங்கிருந்து பரவின. மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது, அந்தப் பாதையில் கேத்தி ஒரு நிலையம். 1982-ல் வந்த "மூன்றாம் பிறை"யின் கடைசிக் காட்சி எடுத்தது அந்த நிலையத்தில்தான். கிறிஸ்துமஸ் லீவுக்கு ரயிலில் போகும்போது பாட்டி ஒரு ஜன்னலில் பழைய மிஷன் பங்களாவைப் பற்றிப் பேசுவார், மாமா அடுத்த ஜன்னலில் கமல் ஓடிய பிளாட்பாரத்தைக் காட்டுவார். இரண்டும் ஒரே பயணம்தான். இதில் எதை வெட்டி எதை வைப்பது?

ரேடியோவும் அப்படித்தான். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இன்றைய டான்டீ அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் லயன் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறியவர்களோடு இலங்கை வானொலியும் வந்து சேர்ந்தது என்றே சொல்வேன். நம் ஆட்கள் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள்தான், ஆனால் அவர்களுக்கு அது ஊர்க் குரல். டிசம்பரில் கிறிஸ்தவ கீதங்கள் ஒலிக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வைப்பார்கள். இரவில் அந்த நிலையம் ஏன் தெளிவாகக் கேட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பகலில் வானத்தின் மேலடுக்கில் சூரிய வெளிச்சத்தால் உண்டாகும் ஓர் அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை இன்னும் மேலே போய் மோதித் திரும்பி நெடுந்தூரத்தில் இறங்கும். அதனால்தான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

கேசட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அந்தப் பாட்டை வேறு எங்கு கேட்டாலும் அதே இடத்தில் மனசு நின்றுவிடும். நம் வீடுகளில் ஓடியவை பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸும் போனி எம்மும். ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் தொகுப்பு 1963-ல் வந்தது, அடுத்த வருடமே விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். போனி எம் தொகுப்பு 1981. ஒருவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர், மற்றது ஜெர்மனியில் உருவான டிஸ்கோ குழு. இரண்டுக்கும் நடுவே "பெத்லகேம் ஊரோரம் சத்திரத்தை நாடி" வரும். யாரும் முகம் சுளித்ததில்லை.

அப்பாவின் கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உடனே டேப்பில் போட்டுவிடாதீர்கள். மலை ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்த நாடாவில் பூசணம் பிடித்திருக்கும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் பழைய டேப் பழுது பார்ப்பவரிடமோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ கொடுத்துச் சுத்தம் செய்வது நல்லது. சுத்தமாக இருந்தால், முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. பிறகு ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, அதற்குப் பிறகு பாடவிடுங்கள். நாடாவை டேப்பின் ஒலித் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேரல் ரவுண்ட்ஸ் என் சொந்தத் துறை, இதில் அளவாகப் பேசுவது எனக்குக் கஷ்டம். வீடு வீடாகப் போகும் ராத்திரியில் கிட்டார் படுத்தும் பாடு இருக்கிறதே! குளிரில் எஃகுக் கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். உள்ளே அடுப்புச் சூட்டில் பத்து நிமிடம் நின்றால் இறங்கும். வாசலில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே போய்ப் பாடினால் பிசிறடிக்கும். அதனால் உள்ளே போய், சுக்குக் காபி குடித்து, அதன் பிறகு சுருதி சேர்ப்பதுதான் முறை. அந்தக் காபி நேரம் இதற்காகவே ஏற்பட்டதோ என்று கூட நினைத்திருக்கிறேன். பெட்ரோமாக்ஸ் பிடிப்பவர் எப்போதும் முன்னால் நடப்பார், பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் அவர் நிழல் விழாத பக்கம். தோட்டத்துச் சரிவுகளில் அடுத்த லயனுக்குப் போவதற்குள் பாதிப் பேர் சறுக்கி விழுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவருக்கு முகமூடிக்குள் வேர்த்துக்கொட்டும், மற்றவர்களுக்குப் பல் தந்தியடிக்கும்.

இனி, கேள்விப்பட்டதையெல்லாம் அப்படியே சொல்லாமல் சலித்து எடுக்க வேண்டிய இடம். "ஒப்பில்லா திரு இரா" (ஆங்கிலத்தில் "சைலன்ட் நைட்") பாட்டின் ஜெர்மன் மூலப் பாட்டு 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகள் யோசப் மோர் என்ற குருவானவருடையவை, மெட்டு பிரான்ஸ் குரூபர் என்ற ஆசிரியருடையது. அன்று கிட்டார்தான் துணை. இதெல்லாம் உறுதி. எலி கடித்து ஆர்கனின் துருத்தி ஓட்டையாகிவிட்டதால் அவசரமாகக் கிட்டாருக்கு எழுதினார்கள் என்பது பின்னால் சேர்ந்த கதை. வரிகள் 1816-லேயே எழுதப்பட்டுவிட்டன என்று மோரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து தெரியவந்திருக்கிறது. எலிக் கதையை நான் சொல்வதுண்டு, ஆனால் கதை என்று சொல்லித்தான் சொல்வேன். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்பு அங்கி போட்டது கோக கோலா என்பதும் இப்படித்தான். அந்த நிறுவனத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளம் வரைய ஆரம்பித்தது 1931-ல். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அமெரிக்கப் பத்திரிகையில் தொப்பை தாத்தாவை வரைந்தது 1860-களிலிருந்து. சிவப்பு அங்கி விளம்பரத்துக்கு முன்பே இருந்தது, விளம்பரம் அதை உலகம் முழுக்க நிலைநிறுத்தியது. கேக்கில், 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்காகச் செய்த கிறிஸ்துமஸ் கேக் புகழ்பெற்றது. அதை இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள். இந்திய பேக்கரிக்காரர் ஒருவர் செய்ததில் முதலாவது என்று சொன்னால் ஏற்கலாம். அதற்கு வெகு முன்பே வெள்ளைக்காரர் வீட்டு அடுப்புகளில் கேக் வேகாமல் இருந்திருக்காது. ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்பது ஆலய வரலாற்றிலேயே சொல்லப்படுவது. 1830-ல் பிரதிஷ்டையான ஆலயம் அது. தாராளமாகச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் காலமான அட்வென்ட் டிசம்பர் 1-ல் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் தொடக்கம். வருடத்தைப் பொறுத்து நவம்பர் 27-லிருந்து டிசம்பர் 3-க்குள் எந்த நாளிலும் வரும். 1 முதல் 24 வரை தினம் ஒரு சின்னக் கதவைத் திறக்கும் அட்வென்ட் அட்டை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அச்சுக்கு வந்தது, வருடம் தோறும் மாறாமல் இருக்கட்டும் என்று 1-ஆம் தேதி. உங்கள் 25 நாள் அந்த வழியில் வந்ததுதான். நான் செய்வது, நான்கு ஞாயிறுகளில் வேதத்தையும் ஆலயத்தையும் சார்ந்த விஷயம், வார நாட்களில் மற்றதெல்லாம். இப்படிப் பிரித்தால் எது பெரியது என்ற சந்தேகம் பிள்ளைகளுக்கு வராது, உங்களுக்கும் நெருடல் இருக்காது.

தோட்டத்தை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் கிறிஸ்துமஸ் பூ என்று சொல்லும் சிவப்பு, பாயின்செட்டியா. மெக்சிகோவிலிருந்து வந்தது. சிவப்பாக இருப்பது இலைகள்தான், பூ நடுவே மஞ்சளாகச் சின்னதாக இருக்கும். இரவு நீளமாகி, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைத்தால்தான் நிறம் மாறும். குன்னூரில் வேலியோரமாக நிற்கும் செடியில் தெருவிளக்கு படும் பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் நிற்பதைப் பார்க்கலாம். சென்னையிலும் தொட்டியில் வளரும். அக்டோபரிலிருந்தே மாலை 5 மணிக்கு ஒரு அட்டைப்பெட்டி போட்டு மூடி, காலை 8 மணிக்குத் திறக்கச் சொல்லுங்கள். வாழ்த்து அட்டையில் இருக்கும் பனியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். நமக்கு வானத்திலிருந்து விழுகிற பனி கிடையாது, உறைபனிதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளி காலையில் வெளுத்துக் கிடக்கும், குன்னூர் சரிவில் அவ்வளவு இருக்காது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்துக் குதிப்பார்கள். கருகிய தேயிலைக் கொழுந்தைப் பார்த்தவர்கள் குதிக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்தது குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் வழக்கம். கத்தோலிக்க வீடுகளின் குடில் கட்டும் முறை, நடு இரவுப் பூசை, படுக மொழிக் கீதங்கள் இவற்றை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதுதான் சரி. கொடைக்கானல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் 1866-ல் எழுந்த சலேத் மாதா ஆலயத்து டிசம்பரைப் பற்றியும், ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்த்ததைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் உறவுக்காரர்களுக்கு நவம்பரிலேயே போன் செய்துவிடுங்கள். "அந்தக் காலத்து கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது கண்ணு" என்பதோடு முடிந்துவிடும். "அத்தை, நம்ம வீட்டு ஸ்டாருக்குக் குச்சி யார் சீவினது? அச்சு முறுக்கு அச்சு யார் வீட்டிலிருந்து இரவல் வாங்கினோம்? கேக்குக்குச் சர்க்கரையைக் கருக்கினது எந்தப் பாத்திரத்துல?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள், ஒரு வாரத்துக்கு வரும்.